சேர்மன்: ஏரலில் ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் பதவிப்பொருளும் வழிபாட்டுப்பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ள அருள்மிகு சேர்மன் அருணாசல சுவாமி கோயிலின் பெயரில் உள்ள ‘சேர்மன்’ என்னும் ஆங்கிலச் சொல், காலனிய உள்ளாட்சிச் சட்டத்தின் வழியே தமிழுக்கு வந்தது. அச்சொல் பதவிப்பெயராகவும், மதிப்புப்பெயராகவும், தெய்வப்பெயராகவும், மக்கட்பெயரின் பகுதியாகவும் பொருள் விரிந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பெயர் ஆங்கில மோகத்தின் விளைவு என்று கருதுவதற்கு இடமில்லை என்பதும், 1884ஆம் ஆண்டுச் சட்டக் காலத்தின் சான்றாக அதைக் கொள்ள வேண்டும் என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஏரல், சேர்மன் அருணாசல சுவாமி, உள்ளாட்சி, கடன்சொல், பெயரிடல், தளவாய்.

முன்னுரை

தமிழில் வழங்கும் ஆங்கிலக் கடன்சொற்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒலி மாற்றத்தையும் அச்சொற்களுக்குரிய தமிழ்ச் சொற்களையும் பேசுவதோடு நின்றுவிடுகின்றன. ஒரு கடன்சொல் தமிழ்நாட்டின் குறிப்பிட்ட ஓர் ஊரில், குறிப்பிட்ட ஒரு காலத்தில், யாருடைய வாயில் என்ன பொருள் பெற்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இவ்வினாவுக்கு விடை தேட ஏரலை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், நவதிருப்பதித் தலங்களுக்கு அருகில் அமைந்த இவ்வணிக ஊரில், ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் திரளும் பெருங்கூட்டம் ‘சேர்மன்’ என்னும் சொல்லைக் கடவுளின் பெயராக உச்சரிக்கிறது. அதே சொல் அதே ஊரில் பேரூராட்சித் தலைவரையும் குறிக்கிறது. இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உடன் வாழ்ந்து வருவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இருக்கையும் அதிகாரமும்

ஆங்கிலத்தில் நாற்காலியைக் குறிக்கும் ‘சேர்’ என்னும் சொல், இருக்கை எனப் பொருள்படும் ‘கதீட்ரா’ என்னும் கிரேக்க, இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. ஆயரின் இருக்கை அமைந்த பேராலயத்தைக் குறிக்கும் ‘கதீட்ரல்’ என்பதும் அவ்வேரிலிருந்து பிறந்ததே. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயராகப் பொறுப்பேற்றபோது, அச்சொல்லின் சமயக்கிளையும் இம்மாவட்டத்தில் இடம்பெற்றது. பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, கூட்டத் தலைமை, தலைமை தாங்குபவர் ஆகிய அனைத்தையும் ஆங்கிலம் அவ்வொரே பெயர்ச்சொல்லால் குறிக்கிறது.

அமரும் பொருளை அதிகாரத்துக்கு ஆகுபெயராக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் அரசுகட்டில், பின்னர் அரியணை, சமய நிறுவனங்களில் பீடம், வைணவ மரபில் இராமானுசர் நியமித்ததாகக் கூறப்படும் எழுபத்து நான்கு சிம்மாசனாதிபதிகள். அண்மையில் ஹார்வர்டு தமிழ் இருக்கை என்னும் தொடர் தமிழகமெங்கும் எளிதில் விளங்கியதற்கும் இம்மரபே காரணம். ஆயினும் ‘சேர்மன்’ என்பது தமிழில் ஒருபோதும் ‘நாற்காலிக்காரர்’ என்று பகுத்துணரப்படவில்லை. அதன் சொற்பகுப்பு அறியப்படாமலே முழுச்சொல்லாக அது ஏற்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்த மாற்றங்களைப் புரிந்துகொள்ள இவ்வுண்மை இன்றியமையாதது.

1884ஆம் ஆண்டுச் சட்டமும் ‘யூனியன்’ சேர்மனும்

1882 மே 18ஆம் நாள் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானத்தின் தொடர்ச்சியாகச் சென்னை மாகாணத்தில் 1884இல் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. நான்காம் சட்டம் மாவட்ட நகராட்சிகளுக்கானது; ஐந்தாம் சட்டம் ஊர்ப்புறத்துக்கானது. பின்னது மாவட்டக் கழகம், தாலுகா கழகம், யூனியன் என்னும் மூன்று படிகளை வகுத்தது. யூனியன் என்பது ஒரு பெரிய ஊரையோ அடுத்தடுத்த சில ஊர்களையோ கொண்ட சிறு அலகு. அதன் பஞ்சாயத்து வீட்டுவரி வசூலித்துத் தெருவிளக்கு, துப்புரவு, பாதைப் பராமரிப்பு ஆகியவற்றைக் கவனித்தது. பெரும்பாலும் நியமனத்தாலேயே அமைந்த இப்பஞ்சாயத்தின் தலைவருக்குச் சட்டம் இட்ட பெயர் ‘சேர்மன்’.

அருணாசல சுவாமி ஏரல் ‘நகராட்சி’யின் சேர்மனாக இருந்தார் என்று சில இடங்களிலும், ‘பேரூராட்சி’ அல்லது ‘ஊராட்சி’யின் சேர்மனாக இருந்தார் என்று பிற இடங்களிலும் எழுதப்படுகிறது. இவை யாவும் பிற்காலக் கலைச்சொற்கள். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் நகராட்சிகளுள் ஏரல் இல்லை. 1884ஆம் ஆண்டு ஐந்தாம் சட்டத்தின் யூனியனையே இப்பெயர்கள் குறிக்கின்றன என்று கொள்வதே பொருந்தும். இங்கு மற்றொரு மயக்கமும் நேர்கிறது. இன்று ‘யூனியன் சேர்மன்’ என்றால் பல ஊராட்சிகளை உள்ளடக்கிய ஊராட்சி ஒன்றியத்தின் தலைவர் என்றே பொருள். அப்பொருள் 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் தோன்றியது. 1906ஆம் ஆண்டு யூனியன் சேர்மனின் அதிகார எல்லை ஒரு சிற்றூர்ச் சந்தையின் தெருக்கள் அளவே இருந்தது.

இவ்வளவு சிறிய பதவி இவ்வளவு பெரிய பெயரானது எவ்வாறு?

1906–1908

கோயில் தலவரலாற்றின்படி அருணாசலம் 1880 அக்டோபர் 2ஆம் நாள் பிறந்தார். மேலப்புதுக்குடி இராமசாமி நாடார், சிவனணைந்த அம்மாள் ஆகியோர் பெற்றோர். 1906 செப்டம்பர் 5 முதல் 1908 ஜூலை 27 வரை அவர் ஏரல் சேர்மனாக இருந்தார். மறுநாள் ஜூலை 28, செவ்வாய்க்கிழமை, ஆடி அமாவாசையன்று நண்பகலில் மறைந்தார். தம் மறைவு நாளை அவர் முன்னரே உரைத்தார் என்பதும், தாமிரபரணிக் கரையில் ஆலமரத்தருகே தம்மை அடக்கம் செய்யுமாறு கூறினார் என்பதும் மரபு. அவ்விடமே கோயிலானது.

தலவரலாறுகளில் காணப்படும் நாள் குறிப்புகளை ஐயத்தோடு அணுகுவது வரலாற்று மாணவரின் கடமை. இங்கு அவ்வையம் ஓரளவு தீர்கிறது. 1908 ஜூலை 28 செவ்வாய்க்கிழமையே. அவ்வாண்டு ஜூன் 28இல் கங்கணச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கிரகணம் அமாவாசையன்றே நிகழும் ஆதலின், அடுத்த அமாவாசை ஜூலை 28ஆம் நாளையொட்டியே அமையும். எனவே கிழமை, திதி, ஆங்கில நாள் மூன்றும் ஒத்துள்ளன. அவர் மறைந்த வயது 28 என்று கூறப்படுவது நிறைந்த ஆண்டுக் கணக்கன்று. இருபத்தெட்டாம் அகவை நடந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள்.

இந்நாள்களுள் மிகுந்த கவனத்துக்குரியது ஜூலை 27. பதவிக்காலம் மறைவுக்கு முந்தைய நாள் வரை நீள்கிறது. ஆகவே அவர் எந்நாளும் ‘முன்னாள் சேர்மன்’ ஆகவில்லை. பதவியும் ஆளும் பிரியாத நிலையிலேயே பெயர் உறைந்துவிட்டது. பதவி நீங்கியவரையும் வாழ்நாள் முழுதும் பதவிப்பெயராலேயே அழைப்பது தமிழ்ப் பேச்சுவழக்கின் இயல்பு. அவர் வீடு ‘சேர்மன் வீடு’. பேரன் ‘சேர்மன் பேரன்’. பெரியவர்களின் இயற்பெயரைச் சொல்லாது தவிர்க்கும் மரபுக்கு இப்பதவிப்பெயர்கள் வசதியாக அமைந்தன. ஆங்கிலத்தில் பதவியோடு முடியும் சொல், தமிழில் ஆளோடு ஒட்டிக்கொள்கிறது. ஏரலில் ஆளின் மறைவுக்குப் பின்னும் ஒட்டிக்கொண்டது.

அக்காலத்து மாவட்டச் சூழலையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. 1908 மார்ச் 13இல், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டதையொட்டித் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில் நகராட்சி அலுவலகமும் தாக்குதலுக்கு உள்ளானது. ஜூலை 7இல் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு மூன்று வாரங்களுக்குப் பின் ஏரல் சேர்மன் மறைகிறார். ஒரே மாவட்டத்தில், ஐந்து மாத இடைவெளிக்குள், உள்ளாட்சி என்பது ஓரிடத்தில் அந்நிய அதிகாரத்தின் முகமாகத் தாக்கப்பட்டது. மற்றோரிடத்தில் உள்ளாட்சிப் பதவிப்பெயர் தெய்வத்தின் பெயராகியது. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்டச் சான்றில்லை. காட்ட முனைவதும் தவறு. ஆனால் காலனியச் சொல்லைக் கேட்டவர் அனைவரும் அதை ஒரே பொருளில் கேட்கவில்லை என்பதற்கு இது போதிய சான்று.

பதவி யாருக்கு என்னவாக இருந்தது

பொருள் வேறுபாட்டின் காரணத்தை அகராதியில் தேடிப் பயனில்லை. 1899இல் சிவகாசிக் கலவரம் நிகழ்ந்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நாடார்கள் நுழைந்ததைத் தொடர்ந்து எழுந்த வழக்கு, 1908இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பால் அவர்களுக்கு எதிராக முடிந்தது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளபடி, வணிகத்தால் வளர்ந்த அச்சமூகம் கோயில் வாயிலில் மறுக்கப்பட்ட மதிப்பைப் பள்ளி, உறவின்முறை, பொது நிறுவனங்கள் ஆகியவற்றின் வழியே ஈட்டியது. 1910இல் நாடார் மகாஜன சங்கமும் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றின. அவ்வங்கியே பின்னர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. கோயில் நுழைவு சட்டமாக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்பின்புலத்தில் யூனியன் சேர்மன் பதவியின் எடை மாறுகிறது. தெருவிளக்குக்கு எண்ணெய் வாங்கும் பொறுப்பாக அன்றைய ஆட்சியாளர் கருதியிருக்கக்கூடிய ஒன்று, ஊராரைப் பொறுத்தவரை தம்மவர் ஒருவர் அரசு ஏற்பு பெற்று ஊர்ப்பொதுவுக்கு நடுநின்றார் என்பதன் அடையாளமாக இருந்தது. தெய்வத்தின் பெயரில் இயற்பெயரும் சமூகப்பெயரும் முன்னிற்கவில்லை, பதவிப்பெயர் முன்னிற்கிறது. இத்தேர்வு தற்செயலானதன்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

கால்டுவெல்லின் விளக்கமும் ‘தளவாய்’ மரபும்

திருநெல்வேலிப் பகுதியின் நாட்டார் தெய்வங்களைப் பற்றி 1849இல் எழுதிய கால்டுவெல், அகாலமாகவோ வன்முறையாலோ இறந்தவர்கள் அச்சத்தால் வழிபடப்படுவதை விரிவாக விளக்கினார். ஐரோப்பிய அதிகாரி ஒருவரின் ஆவிக்கு மதுவும் சுருட்டும் படைக்கப்பட்ட செய்தியும் அவர் நூலில் உண்டு. அகால மறைவு என்ற அளவில் ஏரல் சேர்மனும் இவ்விளக்கத்துக்குள் அடங்குவதுபோல் தோன்றலாம். ஆனால் இங்கு வன்கொலை இல்லை. பழிதீர்க்கும் ஆவி இல்லை. சாந்தி செய்யப்பட வேண்டிய சினமும் இல்லை. மறைவை முன்னறிந்துரைத்தல், அடக்கம் செய்யுமிடத்தைத் தாமே குறித்தல், அவ்விடம் கோயிலாதல் ஆகியன சித்தர் சமாதி மரபின் கூறுகள். கால்டுவெல்லின் சட்டகம் இவ்வழிபாட்டுக்குப் பொருந்தாது. அச்சட்டகத்தை இன்றும் தென்மாவட்டத் தெய்வங்கள் அனைத்துக்கும் பொதுவிதியாகப் பயன்படுத்தும் போக்கும் மறுபரிசீலனைக்குரியது.

ஏரலுக்கு உண்மையான முன்மாதிரி வேறிடத்தில் உள்ளது. தளவாய் என்பது நாயக்கர் ஆட்சியில் படைத்தலைவரைக் குறித்த பதவிப்பெயர். அச்சொல் நெல்லை, குமரிப் பகுதிகளில் தளவாய் மாடன் என்னும் தெய்வத்தின் பெயரிலும், தளவாய் என்னும் மக்கட்பெயரிலும் இன்றுவரை வழங்குகிறது. நாயக்கர் ஆட்சி மறைந்தது. தளவாய்ப் பதவியும் மறைந்தது. வழிபாட்டிலும் குடும்பப் பெயரிடலிலும் சொல் எஞ்சியது. ஓர் ஆட்சியின் பதவிப்பெயர், அவ்வாட்சி நீங்கிய பின் தெய்வப்பெயராக நிலைபெறுவது இப்பகுதியில் ஏற்கெனவே நடந்த நிகழ்வு. ‘சேர்மன்’ அவ்வரிசையில் அடுத்தது. ஆங்கிலச் சொல் என்பதால் மட்டும் அதனை விந்தையாகக் கருதுவது நம் காலத்தின் மொழியுணர்வை அக்காலத்தின் மீது ஏற்றுவதாகும்.

ஏரல் கோயிலின் நிருவாகப் பொறுப்பாளர் ‘பரம்பரை அக்தார்’ எனப்படுகிறார். உரிமையாளர் எனப் பொருள்படும் ‘ஹக்தார்’ என்னும் அரபு–பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம் இது. நவாபு ஆட்சிக்கால வருவாய் நிருவாகத்தின் எச்சம். ஒரே கோயிலில் தெய்வத்தின் பெயரில் ஓர் ஆட்சியின் சொல்லும், பொறுப்பாளரின் பெயரில் மற்றோர் ஆட்சியின் சொல்லும் நிலைத்துள்ளன. பக்தர்களுக்கு இரண்டுமே தமிழ்தான்.

சட்டம் கைவிட்ட சொல்

1920ஆம் ஆண்டு உள்ளாட்சிக் கழகச் சட்டம் ஊர்ப்புறக் கழகங்களின் தலைவரைப் ‘பிரசிடெண்ட்’ என்று வழங்கியது. நகராட்சிகளில் மட்டும் ‘சேர்மன்’ நீடித்தது. அருணாசலம் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே பொறுப்பை ஏற்றிருந்தால், வழிபடப்படுபவர் பிரசிடெண்ட் சாமியாக இருந்திருப்பார். ஆகவே இத்தெய்வப் பெயர் 1884க்கும் 1920க்கும் இடைப்பட்ட சட்டக்காலத்துக்கு மட்டுமே உரியது. அக்காலத்து யூனியன் பஞ்சாயத்து பொதுநினைவிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்ட நிலையில், அது ஏரலில் இருந்ததற்குப் பொதுமக்கள் நாவில் எஞ்சியிருக்கும் சான்று இப்பெயரே.

1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றியக் குழுவுக்குச் ‘சேர்மன்’ என்னும் பெயரை மீண்டும் கொணர்ந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டமும் சிற்றூராட்சிக்குப் ‘பிரசிடெண்ட்’, ஒன்றியக் குழுவுக்குச் ‘சேர்மன்’ என வேறுபடுத்தியது. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் உருவான தமிழ் ஆட்சிச்சொற்களோ அனைத்தையும் ‘தலைவர்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கின. ஊராட்சி மன்றத் தலைவர், ஒன்றியக் குழுத் தலைவர், பேரூராட்சித் தலைவர் என அடைமொழியால் மட்டுமே வேறுபாடு தெரியும். பேச்சில் ‘பிரசிடெண்ட்’ என்றால் சிற்றூர், ‘சேர்மன்’ என்றால் ஒன்றியமோ பேரூராட்சியோ நகராட்சியோ என்பது எவருக்கும் விளங்குகிறது. ஆட்சித்தமிழ் செய்யாத பாகுபாட்டைக் கடன்சொற்கள் செய்துவருகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதனைப் பேச்சுவழக்கின் அசட்டை என்று ஒதுக்கிவிடலாகாது.

‘சேர்ம’ என்னும் பகுதி

இச்சொல் அடைந்த மாற்றங்களுள் மொழியியல் நோக்கில் மிக நுட்பமானது மக்கட்பெயர்களில் காணப்படுகிறது. தூத்துக்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களில் சேர்மராஜ், சேர்மதுரை, சேர்மக்கனி போன்ற பெயர்கள் பெருவழக்காக உள்ளன. இவ்வட்டாரத்தை அறியாதோர் இவற்றைச் ‘சேர்’ என்னும் தமிழ் வினையோடோ, வேதியியலில் வழங்கும் ‘சேர்மம்’ என்னும் கலைச்சொல்லோடோ தொடர்புபடுத்திக் குழம்புவதுண்டு. இவை அனைத்தும் ஏரல் சுவாமியின் பெயரைத் தாங்கியவை.

ஆங்கிலச் சொல்லின் பின்பகுதி ஆடவனைக் குறிக்கும் தனிச்சொல். போஸ்ட்மேன், வாட்ச்மேன், லைன்மேன் ஆகிய கடன்சொற்களில் அப்பகுதி ‘மேன்’ என்றே தமிழில் நிற்கிறது; ஆனால் ‘சேர்மன்’ குறுகியது. குறுகவே, ‘சேர்ம்+அன்’ என்று தமிழ் ஆண்பால் ஒருமை விகுதி பெற்ற பெயர்போல் அது பகுக்கப்பட்டது. தர்மன் என்னும் பெயர் தொகையில் தர்மராஜ், தர்மதுரை, தர்மலிங்கம் என விகுதி நீங்கி நிற்பதை ஒப்பிட்டால் சேர்மராஜ், சேர்மதுரை ஆகியவற்றின் அமைப்பு தெளிவாகும். ‘சேர்மக்கனி’ என்பதில் வல்லினம் மிகுந்து புணர்வது, முத்துக்கனி, செல்வக்கனி என்னும் கடற்கரை வட்டாரப் பெயர்களின் அச்சிலேயே அது வார்க்கப்பட்டதைக் காட்டுகிறது. போஸ்ட்மேனுக்கு இத்தகைய வழித்தோன்றல்கள் இல்லை. வழிபாடே ‘சேர்மன்’ என்பதைக் கடன்சொல் நிலையிலிருந்து நீக்கித் தமிழ் இலக்கணத்துக்குள் முழுமையாகக் கொணர்ந்தது.

இதன் ஒரு விளைவு பால்பாகுபாடு தொடர்பானது. ஆங்கிலத்தில் ஆடவனைச் சுட்டும் பின்பகுதி சிக்கலாகி, ‘சேர்பர்சன்’ என்னும் மாற்று எழுந்தது. பெருந்துறைமுகங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே ஆள்கிறது, தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் அதற்கு உட்பட்டது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களையும், 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பாதி இடங்களையும் ஒதுக்கின. பதவியேற்ற மகளிரை ஊரார் ‘சேர்மன் அம்மா’ என்று இயல்பாக அழைக்கின்றனர். அச்சொல்லில் ஓர் ஆடவன் இருப்பதைத் தமிழ்க்காது கேட்கவில்லை. இவ்வியல்பை மொழியின் பெருந்தன்மையாகப் போற்றுவதற்கில்லை. பதவிக்கு வந்த பெண்ணின் பெயரில் கணவர் அதிகாரம் செலுத்தும் நிலையை இச்சொல் மறைக்கவும் கூடும். அப்போது ‘சேர்மன்’ யாரைக் குறிக்கிறது என்பது தனித்து ஆராயப்பட வேண்டிய வினா.

ஏரலில் இன்று இருபொருளும் மயங்குவதில்லை. ‘சேர்மனைப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்றால் பேரூராட்சி அலுவலகம். ‘சேர்மன் சாமியைப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்றால் ஆற்றங்கரை. வெளியூரில் வாழும் ஏரல்காரர்களின் பேச்சில் ‘சாமி’ என்னும் சொல்லும் தேவைப்படுவதில்லை. ஆடி மாதத்தில் ‘சேர்மனுக்குப் போகிறோம்’ என்றாலே கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது.